ஹெல்வெலினுக்கு ஜெயமலர் போட்ட வழி

பென்றித், இங்கிலாந்து
4 மே 1996

அன்புள்ள ஜெயம்,

நாலு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. கோபிக்காதே, எழுத ஒன்றும் இருக்கவில்லை. மகன் ஜனார்த்தனன் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பொழுதுபடத்தான் வருகிறான். டொக்டர் மகனோடு இருக்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமை. உண்மையில் நான் வீட்டுக்குக் காவல்.

இப்போது எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் தூரத்தில் மலைகள். மாரி முழுக்க மேகத்துக்குள் கிடந்தவை போன கிழமைதான் வெளியே வந்தன. "உந்தப் பெரிசு என்ன மனே?" என்று ஜனாவைக் கேட்டேன். "ஹெல்வெலின் அம்மா. இங்கிலாந்தில மூண்டாவது உயரம். தொளாயிரத்து ஐம்பது மீற்றர்" என்று பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொன்னான்.

அதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. நானும் நீயும் கொழும்பு நில அளவை அலுவலகத்தில் எத்தனை மலை கீறினோம் ஜெயம்? சேர்வேயர்மார் வெயிலில் கறுத்து, அட்டை கடித்த காலோடு வந்து அளவு குறித்த புலத்தாளை மேசையில் போடுவார்கள். நாங்கள் மின்விசிறிக்குக் கீழே இருந்து, ஒரே உயரத்து இடங்களைச் சேர்த்துச் சமவுயரக் கோடு கீறுவோம். ஒரு தடவை எங்களையும் கூட்டிப்போங்கள் என்று கேட்டதற்கு ஜீப்பில் இடமில்லை என்றார்கள். பத்தொன்பது வருடமாக அந்த ஜீப்பில் இடமில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. ஒரு மலையிலாவது என் காலால் ஏறிப் பார்க்கவேண்டும்.

இங்கே கடையில் வழிகாட்டிப் புத்தகம் விற்கிறார்கள். எனக்கு வேண்டாம். அலுவலகத்தில் உன் கோட்டை வைத்துத்தான் மற்றவர்கள் தங்கள் கோட்டைத் திருத்துவார்கள். நீ எனக்கு வழி போட்டுத் தா. முழங்கால் அவ்வளவு நல்லதில்லை, அதையும் கணக்கில் எடு.

அன்புடன்
கனகாம்பிகை

---

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
19 மே 1996

அன்புள்ள கனகம் அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இவர் ஒரு மணித்தியாலம் சிரித்தார். "மட்டக்களப்பில மலை இல்லாத குறையை மனிசி இங்கிலாந்தில தீர்க்குது" என்றார். நான் சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலையே பெரிய நூலகத்துக்குப் போய்விட்டேன். அங்கே உலகத்து வரைபடமெல்லாம் இழுப்பறை இழுப்பறையாக வைத்திருக்கிறார்கள். ஹெல்வெலின் தாள் புதிது, மீற்றரில் இருக்கிறது. மேசையில் விரித்ததும் என்ன சொல்ல, அக்கா, பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு கோடு, ஒரு கோடும் மற்றதில் முட்டாமல்! கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது.

பிரதி எடுத்து வந்து, ரேசிங் தாளும் பேனாவும் வாங்கி, உங்களுக்காகக் கீறியிருக்கிறேன். ஒன்பது வருடமாக சேர்ட் கொலர் தைக்கிற கை. கோடு கோணும் என்று பயந்தேன், கோணவில்லை.

மேற்குப் பக்கம் புல் சரிவு, ஆனால் உங்கள் வீட்டிலிருந்து பஸ் வசதி கிழக்குப் பக்கத்துக்குத்தான். ஆகவே கிளென்றிடிங்கில் இறங்குங்கள். அங்கிருந்து மதிலில் ஒரு வாசல் வரும்வரை ஏற்றம். அதற்குப் பிறகுதான் நான் கண்டுபிடித்த நல்ல இடம். ஸ்ரைடிங் எட்ஜ் என்று பெயர். நீளப்பாட்டுக்கு ஒரு கோடும் குறுக்கே வெட்டவில்லை, கிட்டத்தட்ட சமதரை. உங்கள் முழங்காலுக்கென்றே படைத்ததுபோல இருக்கிறது. இரண்டு பக்கமும் கோடுகள் நெருக்கம்தான், அது பக்கத்துச் சரிவு, உங்களுக்கென்ன? குளக்கட்டில் நடப்பதுபோல நடுவால் போங்கள். கடைசியில் மட்டும் கொஞ்சம் ஏறவேண்டும்.

இன்னொரு விஷயம், யாருக்கும் சொல்லாதீர்கள். எக்லிங்ரன் பக்கம் ஒரு சின்ன அலுவலகம், பழைய வரைபடங்களைக் கொம்பியூற்றருக்குள் ஏற்றுகிறார்களாம். கோடு தெரிந்த ஆட்கள் தேவை என்று பேப்பரில் போட்டிருந்ததை மகள் துவாரகாதான் வெட்டிக்கொண்டு வந்தாள். ஜூலை பத்தாம் திகதி இன்ரர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தை நினைத்தால் பயம், கொம்பியூற்றரை நினைத்தால் இன்னும் பயம். ஆனால் இந்த வேலை எனக்கு வேண்டும் அக்கா, வெட்கமில்லாமல் சொல்கிறேன். உங்களுக்குப் போட்ட வழி சரியாக வந்தால் துணிந்து போவேன் என்று மனதுக்குள் வைத்திருக்கிறேன்.

லிப்ற் மறுபடியும் பழுது. பத்தொன்பது மாடி ஏறி வந்து எழுதுகிறேன். சுமார் ஐம்பது மீற்றர், அதாவது ஐந்து கோடு!

உங்கள்
ஜெயமலர்

---

பென்றித்
12 ஜூன் 1996

ஜெயமலர்,

நான் உயிரோடு இருக்கிறேன். அது உன் புண்ணியம் இல்லை.

ஏரியில் படகு பார்க்கப் போவதாக ஜனாவுக்குச் சொல்லிவிட்டுப் போனேன். சேலைக்கு மேலே அவனுடைய பழைய மழைக்கோட், காலில் புதுச் சப்பாத்து. மதில் வாசல்வரை நீ கீறியது கீறியபடி இருந்தது. ஓடை என்றால் ஓடை, வேலி என்றால் வேலி. என் ஜெயத்தின் கையே கை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு உன் குளக்கட்டு வந்தது.

குளக்கட்டாம்! சில இடத்தில் அதன் மேற்பக்கம் எங்கள் சாப்பாட்டு மேசை அகலம்கூட இல்லை. அதுவும் பல்லுப் பல்லாகக் கல். வலது பக்கம் எட்டிப் பார்த்தால் பாதாளத்தில் ஒரு சின்ன ஏரி, இடது பக்கம் பார்க்கவே இல்லை. காற்று வந்து மழைக்கோட்டை ஊதிப் பெருக்கிவிட்டது. சமதரை என்றாயே, ஒத்துக்கொள்கிறேன். ஒரு அடி ஏற்றமில்லை. நாலு காலில் போகிறவளுக்கு ஏற்றமென்ன, இறக்கமென்ன!

தவழ்ந்துகொண்டு போனால் ஓரத்தில் இரும்பில் ஒரு நினைவுச் சின்னம். என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 1858இல் நரிவேட்டை நாய்களுக்குப் பின்னால் போன ஒருவர் இந்த இடத்தில் விழுந்து செத்தாராம். நூற்று முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பே ஆள் விழுந்த இடத்துக்கு என்னை அனுப்பியிருக்கிறாய். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் வர முடியவில்லை. பொடியன்கள் சிலர் சுகமா என்று கேட்டுக்கொண்டு பாய்ந்து பாய்ந்து போனார்கள். நானும் மரியாதைக்குச் சுகம் என்றேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து ஒரு வெள்ளைக்கார மனிசி அப்பிள் தின்றுகொண்டு எதிரே வந்தாள். பெயர் கிளடிஸ், எழுபத்தொரு வயதாம். என் மழைக்கோட்டின் இடுப்புப் பட்டியைப் பிடித்து, மாட்டைக் கொண்டுவருவதுபோல மதில்வரை கொண்டுவந்து விட்டாள். "யார் உன்னை இந்த வழியால் அனுப்பியது?" என்று கேட்டாள். கனடாவிலிருக்கும் என் சிநேகிதி என்றேன். "உங்களுக்குள் ஏதும் சண்டையா?" என்றாள்.

முழங்கால் இரண்டும் தோல் உரிந்ததை ஜனா கண்டுவிட்டான். "இனி மலைப்பக்கம் பாக்கப்படாது" என்று சப்பாத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். என் கோபம் ஆற ஒரு மாதமாவது வேண்டும்.

கனகாம்பிகை

---

ரொறன்ரோ
24 ஜூன் 1996

அன்புள்ள அக்கா,

வேலைக்குப் போகிற வழியில் சேர்போர்ண் ஸ்ரேசனில் நின்று உங்கள் கடிதத்தை வாசித்தேன். இரண்டு ரெயில் வந்து போய்விட்டன. இதற்கு மன்னிப்புக் கேட்டால் போதாது அக்கா.

வீட்டுக்கு வந்து பிரதியை விரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அப்படிப்பட்ட கோடுகளை நான் பதினேழு வருடம் கீறியிருக்கிறேன். கீறும்போது மை கலங்கக்கூடாது, கோடு முட்டக்கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கக்கூடும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

இன்ரர்வியூவுக்கு வரவில்லை என்று அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். கொலர் தைப்பதே எனக்கு நல்லது. கொலர் பிழைத்தால் யாரும் மலையிலிருந்து விழமாட்டார்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள்.

ஜெயமலர்

---

பென்றித்
3 ஜூலை 1996

அடி ஜெயம்,

நேற்று ஆசையோடு போன் எடுத்தால் நீ அழுதுகொண்டே இருந்தாய், போன் காட் முடிந்துவிட்டது. சொல்ல வந்ததை எழுதுகிறேன்.

ஏசினேன்தான். உன்னை ஏசுவது என் உரிமை. ஆனால் அதைக் கேட்டு வேலையை விட உனக்கு உரிமை தரவில்லையே! இப்போது என் முழங்கால் ஆறிவிட்டது, நெஞ்சு எரிகிறது.

நான் சொல்வதைக் கேள் புள்ளே. நீ அனுப்பிய படத்தை நானும் பார்த்தேன். ஒரு நாளல்ல, இரண்டு கிழமை குசினிச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். நானும் பத்தொன்பது வருடம் கீறினவள்தானே? எனக்கு விளங்கியதா? "ஆகா, நல்ல சமதரை" என்றுதானே நானும் புறப்பட்டேன்? மலையைக் காணாத இரண்டு பேர் சேர்ந்து செய்த பிழை இது. பங்கு கேட்கிறேன், எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொள்ளாதே.

நான் மறுபடியும் ஏறப் போகிறேன். கிளடிஸ் ஒவ்வொரு செவ்வாயும் தேத்தண்ணி குடிக்க வருகிறாள். ஜனாவோடு அவள் பேசி, சப்பாத்து விடுதலையாகிவிட்டது. அவளுக்கு ஹெல்வெலினில் ஆறு வழி தெரியும். ஒன்றும் சொல்லவேண்டாம், எனக்கு ரொறன்ரோவில் ஒரு படவரைஞர் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே நீ இன்னொரு வழி போட்டுத் தருகிறாய். நான் உச்சியில் நின்றால் நீ அந்த அலுவலகத்துக்கு மறுபடி போன் எடுக்கிறாய். வழி வராவிட்டால் நான் இந்த வீட்டு யன்னலடியிலேயே கிழவியாவேன், அந்தப் பாவம் உனக்கு.

கனகம்

---

ரொறன்ரோ
21 ஜூலை 1996

அன்புள்ள கனகம் அக்கா,

முதலில் மாட்டேன் என்றுதான் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

சனிக்கிழமை துவாரகாவைக் கூட்டிக்கொண்டு ரிவர்டேல் பார்க் சரிவுக்குப் போனேன். மாரியில் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுகிற இடம், எங்கள் கட்டடத்திலிருந்து நடை தூரம். நகரத்து வரைபடத்தில் அந்தச் சரிவுக்கு நாலு கோடுதான். கையில் படத்தோடு ஒவ்வொரு கோடாக ஏறினேன். அக்கா, மூச்சு வாங்குகிறது! நாலு கோட்டுக்கே நெஞ்சு படபடக்கிறது. பிறகு ஒரே கோட்டில் நின்றுகொண்டு பக்கவாட்டாக நடந்து பார்த்தேன். ஏற்றமே இல்லை, ஆனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். உங்கள் குளக்கட்டு அப்போதுதான் எனக்கு விளங்கியது. "அம்மா, இற்ஸ் ஜஸ்ற் எ ஹில், ஆக்கள் பாக்கினம்" என்று துவாரகா கெஞ்சினாள். பார்க்கட்டும் என்றேன்.

இந்தத் தடவை கோட்டை மட்டும் நம்பவில்லை, சாட்சி தேடினேன். நூலகத்தில் மலையைப் பற்றிய புத்தகம் இருக்கிறது. அந்த மலைக்கு எத்தனை கதை! 1805இல் ஒரு வாலிபர் தனியே நாயோடு போய் விழுந்து இறந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து உடலைக் கண்டெடுத்தபோது நாய் பக்கத்திலேயே இருந்ததாம். அவர் விழுந்ததும் நீங்கள் தவழ்ந்த ஸ்ரைடிங் எட்ஜ் முனைப் பக்கம்தான். இதையெல்லாம் முதலே வாசித்திருக்கவேண்டும், நான் கோட்டின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

நல்ல செய்தியும் இருக்கிறது. போன நூற்றாண்டில் மலை பார்க்க வந்த சீமாட்டிகள் மட்டக்குதிரையில் ஏறிப் போயிருக்கிறார்கள். குதிரைக்கென்று வளைந்து வளைந்து வெட்டிய பாதை இன்னும் இருக்கிறது. அதே கிளென்றிடிங்கிலிருந்து வடக்குப் பள்ளத்தால் சுற்றிப் போகிறது. தூரம் கூட, ஆனால் குதிரைக்கு ஏலுமென்றால் உங்களுக்கும் ஏலும். உச்சியைப் பற்றியும் பயமில்லை. கோடுகள் அகலமாகத்தான் இருக்கின்றன, ஆனால் அது போதாது. 1926இல் இரண்டு பேர் ஒரு சின்ன விமானத்தைக் கொண்டுபோய் அங்கே இறக்கி, மறுபடி ஏற்றியும் போயிருக்கிறார்கள். விமானம் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கலாம்.

இன்னொன்று கவனம். மேலே சேர்வேயர்மார் கட்டிய அளவைத் தூண் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதுதான் உச்சி என்று நினைப்பார்கள். அது 949. உண்மையான உச்சி கொஞ்சம் தெற்கே, 950. சிவப்பில் புள்ளி வைத்திருக்கிறேன்.

படத்தைக் கிளடிசிடம் காட்டுங்கள். அவர் பிழை என்றால் போகவேண்டாம். அந்த அலுவலகத்தில் செப்ரெம்பரில் இன்னும் ஆள் எடுப்பார்களாம். நீங்கள் பத்திரமாக இறங்கி வந்து எழுதும்வரை நான் போன் எடுக்கமாட்டேன்.

ஜெயமலர்

---

பென்றித்
12 ஓகஸ்ற் 1996

என் ஜெயத்துக்கு,

நின்றேன்! நேற்று மத்தியானம் ஒன்று இருபதுக்கு. இனி ஆறுதலாகக் கேள்.

கிளடிஸ் உன் படத்தைக் கண்ணாடி போட்டுக் கால் மணித்தியாலம் பார்த்தாள். பிறகு, "குதிரைப் பாதையின் வளைவுகூட எண்ணிப் போட்டிருக்கிறாள், எப்போதாவது வந்திருக்கிறாளா?" என்று கேட்டாள். இல்லை, கனடாவில் சேர்ட் கொலர் தைக்கிறாள் என்றேன். அவள் நம்பவில்லை.

ஜனாவும் லீவு போட்டுவிட்டு வந்தான். எனக்குக் காவலாம். மூன்றாவது வளைவிலேயே டொக்டர் ஐயா கல்லில் உட்கார்ந்துவிட்டு, பிறகு எழும்பிப் பின்னால் வந்தார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடி அசைந்து போனேன். சீமாட்டிகள் குதிரையில் போன வழியால் மட்டக்களப்புக் கனகாம்பிகை நடந்து போனாள் என்று எழுதி வை. இடையில் பிட்டும் மாசிச் சம்பலும் தின்றோம். கிளடிசுக்குக் கண்ணால் தண்ணி, ஆனால் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினாள்.

மேலே போனால் நீ சொன்னபடி விமானம் இறங்குகிற அகலம். அதற்கு ஒரு கல்வெட்டும் இருக்கிறது. செம்மறிகள் எங்கள் பையை மோந்துகொண்டு திரிந்தன. தூணடியில் ஏழெட்டுப் பேர், ஆளுக்காள் கைகொடுத்துப் படமெடுத்துக்கொண்டு நின்றார்கள். தாடிக்காரர் ஒருவர் எனக்கும் கை நீட்டினார், உச்சிக்கு வந்துவிட்டீர்களாம். நான் கை கொடுக்கவில்லை. இது 949, உச்சி அங்கே என்றேன். இருபது வருடமாக வருகிறேன் என்று அவர் சிரித்தார். உன் படத்தை எடுத்துக் காட்டினேன். கூட்டம் வளைத்துக்கொண்டது. தாடிக்காரர் தன் பையிலிருந்த வரைபடத்தை விரித்து, மூக்கு முட்டப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எல்லோருமாகத் தெற்கே நடந்தோம். நான் முன்னால், தாடிக்காரர் பின்னால், கடைசியில் என் மகன். உன் சிவப்புப் புள்ளியில் கல்லைக் குவித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி நின்றேன்.

அங்கிருந்து பார்த்தால் கீழே நான் தவழ்ந்த முனை. அதில் சின்னச் சின்னதாக ஆட்கள். அப்போது அழுதேன் ஜெயம். காற்று என்று ஜனாவுக்குச் சொன்னேன். இவ்வளவு காலமாக நாம் கீறியதெல்லாம் இதுதானா, இவ்வளவு பெரிதா என்று தாங்கமுடியவில்லை. நீ பக்கத்தில் இல்லையே என்று கோபம்கூட வந்தது.

நான் என் சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். போனை எடு.

கனகம்

---

ரொறன்ரோ
29 செப்ரெம்பர் 1996

அன்புள்ள கனகம் அக்கா,

பத்து நாளைக்கு முன், வியாழக்கிழமை இன்ரர்வியூ. இவர் தன்னுடைய செக்கியூரிற்றி வேலைக்கு லீவு போட்டு, ரை கட்டி, வாசல்வரை வந்தார். "நான் கீழ நிக்கிறன், பயப்பிடாதையும்" என்றார். எனக்குப் பதிலாக அவர்தான் வியர்த்துக்கொண்டு நின்றார்.

அன்ரனெற் என்று ஒரு பெண், துவாரகாவைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். என்னை ஒரு பெரிய மேசையில் இருத்தினாள். மேசையில் பழைய வரைபடம், கையில் கண்ணாடி பதித்த ஒரு கருவி. அதைக் கோட்டின் மேலே நகர்த்திக்கொண்டு போனால் கோடு கொம்பியூற்றரில் வருகிறது. அவ்வளவுதான் அக்கா! கொம்பியூற்றர் என்று நான் பயந்தது இதற்குத்தான். ஐந்து நிமிடத்தில் கை பழகிவிட்டது. ஏதோ ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு, கோடு கோடாக ஓடினேன்.

ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. கோடுகள் எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன, அதற்குக் குறுக்கே நடைபாதை ஒன்று போட்டிருக்கிறது. ஏன் நிறுத்தினாய் என்று அன்ரனெற் கேட்டாள். என் ஆங்கிலத்தில் சொன்னேன்: இதால் ஆட்கள் போகிறார்களா, இங்கே யாரும் விழமாட்டார்களா? அது எங்கள் வேலையில்லை, கோட்டை மட்டும் ஏற்றினால் போதும் என்றாள். எனக்குத் தெரியவேண்டும் என்றேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் விமானத்திலிருந்து எடுத்த படம் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் கண்ணாடி வைத்துத் தேடினோம். அந்த இடத்தில் மரப் படிக்கட்டு! ஆட்கள் ஆற்றுக்கு இறங்கக் கட்டியது. கைப்பிடிகூடத் தெரிந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவளும் சிரித்துவிட்டாள். யாரிடம் இப்படிப் பார்க்கப் பழகினாய் என்று கேட்டாள். உங்கள் முழங்காலைப் பற்றி முழுக்கச் சொன்னேன்.

நாளை திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன். வெள்ளியோடு கொலர் முடிந்தது. கூட வேலை செய்தவர்கள் கேக் வெட்டினார்கள். நான் ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதேன், ஆனால் சந்தோசமாகத்தான்.

அக்கா, ஒரு கேள்வி. அடுத்த ஜூனில் எனக்கு இரண்டு கிழமை லீவு தருவார்கள். இவர் ரிக்கற் போடச் சம்மதித்துவிட்டார். நான் வரட்டுமா? வந்தால் என்னைக் குதிரைப் பாதையால் கூட்டிப்போகவேண்டாம். நான் உங்களை அனுப்பிய முனையால்தான் வருவேன். நினைத்தாலே உள்ளங்கால் கூசுகிறது. இப்போதே நித்திரையில் இரண்டு தரம் விழுந்துவிட்டேன். ஆனாலும் நீங்கள் தவழ்ந்த ஒவ்வொரு அடியையும் நானும் தவழவேண்டும், அதன் பிறகுதான் உங்கள் முகத்தைச் சரியாகப் பார்ப்பேன்.

கிளடிசிடம் கேட்டுச் சொல்லுங்கள், அந்த வயதில் இரண்டு பேரை ஒரே நேரத்தில் மழைக்கோட்டுப் பட்டியில் பிடித்துக்கொண்டு வர அவருக்கு ஏலுமா என்று.

உங்கள்
ஜெயமலர்